கே.பி. சுந்தராம்பாளின் மேடை நாட்கள்: நவம்பர் 13 நிகழ்ச்சிக்காக ஒரு கேள்வி

முத்தியால்பேட்டை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாகப் பணிபுரிகிறேன். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்தது 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13 அன்று நம் புதுச்சேரியில்தான் என்பதும், கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருப்பதும் இங்குள்ள பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த நாளையொட்டி எங்கள் மாணவிகளை வைத்து அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்று நடத்த விரும்புகிறேன். சுவாமிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எப்போதும் நடிகர்களைப் பற்றியே பேசுகிறார்கள். அந்த நாடகங்களில் நடித்த பெண்களில் ஒருவரை மையமாக வைக்கலாம் என்று எண்ணிக் கே.பி. சுந்தராம்பாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூரில் இருந்த என் பாட்டி, ஔவையார் வேடத்தில் அவரைத் திரையில் பார்க்கும்போதெல்லாம், 'இந்த அம்மாவை எல்லாரும் கிழவியாகவே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்' என்று குறைபட்டுக்கொள்வார். பாட்டி சொன்னதன் பொருள் எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. ஆகவே எனக்குச் சில விளக்கங்கள் தேவை. சுந்தராம்பாள் சங்கரதாஸ் சுவாமிகளிடம் நேரடியாகப் பாடம் கற்றவரா? அவர் பாடகி, நடிகை என்பது தெரியும்; நடனமும் ஆடினாரா? கணவர் கிட்டப்பா மறைந்த பிறகு நடிப்பையே விட்டுவிட்டார் என்று என் குறிப்பில் எழுதியிருக்கிறேன்; அது சரிதானா? மாணவிகள் மேடையில் சொல்லப்போவதால் பிழையில்லாமல் இருக்க வேண்டும்.

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம், அம்மா. பாட்டி சொன்னது மிகவும் சரி. ஔவையார் படம் வெளிவந்த 1953-இல் சுந்தராம்பாளுக்கு வயது ஏறக்குறைய நாற்பத்தைந்துதான். அவர் பிறந்தது 1908-ஆம் ஆண்டு அக்டோபர் 10 அன்று, காவிரிக்கரையில் உள்ள கொடுமுடியில். கே.பி. என்பது கொடுமுடி பாலாம்பாள்; பாலாம்பாள் அவருடைய தாயாரின் பெயர். வறுமையின் காரணமாகச் சிறுமியாக இருந்தபோதே ஓடும் ரயிலில் பாடியவர். அந்தக் குரலைக் கேட்டு வியந்த ரயில்வே அதிகாரி எஃப்.ஜி. நடேச ஐயர், தாமும் நாடகக்காரர் என்பதால், அவரை மேடைக்கு அழைத்து வந்தார். வேலு நாயரின் நாடகக் குழுவில் சிறுவர் வேடங்களில் தொடங்கியது அவருடைய தொழில்.

முதல் கேள்விக்கு வருகிறேன். சுவாமிகளிடம் நேரடியாகக் கற்றார் என்று மாணவிகளைச் சொல்ல வைக்காதீர்கள். சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை சிறுவர்களைக் கொண்ட 'பாய்ஸ் கம்பெனி'. அதில் பெண்களுக்கு இடமில்லை. பெண் வேடங்களையும் பையன்களே கட்டினார்கள். சுவாமிகள் பக்கவாதத்தால் பேச்சிழந்து, புதுச்சேரியில் மறைந்தபோது சுந்தராம்பாளுக்குப் பதினான்கு வயது. அவர் புகழின் உச்சிக்குப் போனது அதற்குப் பிறகுதான். ஆனால் அவரை உச்சிக்குக் கொண்டுபோன நாடகம் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம். சுவாமிகளுக்கும் அந்த அம்மாளுக்கும் இருந்த உறவு ஏட்டின் வழியாக வந்த உறவு. அதுவே போதுமான உறவு என்பது என் எண்ணம்.

1926-இல் கொழும்பில் அவரும் செங்கோட்டை கிட்டப்பாவும் வள்ளி திருமணத்தில் முதன்முதலாகச் சேர்ந்து நடித்தார்கள். கிட்டப்பா அப்போதே கன்னையா கம்பெனியின் வழியாகப் பெரும்புகழ் பெற்றவர். அவரோடு ஈடுகொடுத்துப் பாடுவது கடினம் என்ற பேச்சு இருந்தது. அன்று தொடங்கிய இணை 1927-இல் திருமணத்தில் முடிந்தது. கிட்டப்பாவுக்கு முன்பே மனைவி இருந்தார். பிணக்கும் பிரிவும் கடிதப் போக்குவரத்துமாக அந்த இல்வாழ்க்கை சில ஆண்டுகளே நீடித்தது. 1933 டிசம்பர் 2 அன்று கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து வயது. அன்று உடுத்திய வெள்ளைப் புடவையை அவர் கடைசிவரை மாற்றவில்லை.

இப்போது உங்கள் குறிப்பில் உள்ள பிழைக்கு வருகிறேன். அவர் நடிப்பை விடவில்லை. இன்னோர் ஆணுக்கு ஜோடியாக நடிப்பதைத்தான் விட்டார். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. 1935-இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்தில் அவர் ஏற்றது நந்தனார் வேடம், அதாவது ஆண் வேடம். வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். அந்தப் படத்துக்காக அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அதன்பின் மணிமேகலை, ஔவையார், பூம்புகாரில் கவுந்தியடிகள் என்று அவர் ஏற்ற வேடங்களை வரிசையாக எண்ணிப் பாருங்கள். எல்லாம் துறவியர், அடியார், முதியவர். தம் நிபந்தனைக்கு உட்பட்ட வேடங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றைக் கொண்டே மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு பெண் முதலிடத்தில் நின்றார் என்பதை உங்கள் மாணவிகள் கட்டாயம் சொல்ல வேண்டும். 1951-இல் சட்ட மேலவை உறுப்பினரானதையும், துணைவன் படப் பாடலுக்காக 1969-ஆம் ஆண்டின் தேசிய விருதையும், 1970-இல் பத்மஸ்ரீயையும் பெற்றதையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அவர் மறைந்த ஆண்டு 1980.

நடனத்தைப் பொறுத்தவரை, அவருடைய புகழ் குரலால் வந்த புகழ். பாட்டு, நடிப்பு, ஆட்டம் மூன்றையும் காட்டியவர் ஒருவர் வேண்டுமென்றால் டி.பி. ராஜலட்சுமியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1911-இல் திருவையாற்றில் பிறந்து, நாடகக் கம்பெனிகளில் வளர்ந்து, 1931 அக்டோபர் 31 அன்று வெளியான காளிதாஸ் படத்தின் நாயகியானவர். 1936-இல் மிஸ் கமலா என்ற படத்தைத் தாமே இயக்கியவர்.

பண்ருட்டி வள்ளி எழுதியது:

அம்மா, ஐயா, இருவருக்கும் வணக்கம். நான் புதுக்கோட்டைப் பக்கத்தில் பிறந்து, பத்தொன்பது ஆண்டுகள் ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது நாயகி வேடம், கட்டிவிட்டு, இப்போது பண்ருட்டியில் மகன் வீட்டில் இருக்கிறேன். கெடிலக்கரை ஐயா எழுதிய வரலாற்றில் சேர்க்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் நடனத்தைப் பற்றி அவர் எழுதியது எனக்கு முழு நிறைவாக இல்லை. வள்ளி வேடம் கட்டுகிறவளுக்குப் பாட்டு தனி, ஆட்டம் தனி என்று கிடையாது.

இரவு பத்து மணிக்கு மேல் நாடகம் தொடங்கினால் விடியும்வரை நடக்கும். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை இல்லை. நாயகன் வேடம் கட்டும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், கோமாளியான பபூன் வேறோர் ஊரிலிருந்து வருவார், நான் மூன்றாவது ஊரிலிருந்து பேருந்தில் வந்து இறங்குவேன். அரிதாரம் பூசும்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். ஆர்மோனியக்காரரிடம் என் சுருதிக் கட்டையைச் சொல்லிவிட்டு மேடையேற வேண்டியதுதான். கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டும் தெரியும். எதிரில் நிற்பவர் எந்த இடத்தில் எந்தக் கேள்வியைப் போடுவார் என்பது மட்டும் தெரியாது. சுந்தராம்பாள் அம்மாவும் கிட்டப்பா ஐயாவும் கொழும்பில் முதன்முதலில் எதிரெதிரே நின்றபோது என்ன நடந்திருக்கும் என்பதை என்னால் உணர முடிகிறது. எதிராளி ஒரு சங்கதி போட்டால், அதைவிட ஒரு படி மேலே நான் போக வேண்டும். தயங்கினால் கொட்டகையே கண்டுபிடித்துவிடும்.

தினைப்புனத்துக் காட்சியைச் சொல்கிறேன். வள்ளி கையில் கவணோடு பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் கிளிகளை ஓட்டுவாள். கல்லை வைத்துக் கவணைச் சுழற்றும்போது இடது கால் ஊன்றியிருக்க வேண்டும், வலது குதிகால் தாளத்துக்குத் தட்ட வேண்டும், சலங்கை மிருதங்கத்தோடு சேர வேண்டும், கண் மட்டும் பறவை போகும் திசையில் போக வேண்டும். இத்தனைக்கும் நடுவில் மூச்சு வாங்குவது பாட்டில் தெரியக் கூடாது. என் குரு ஒரு பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீரைத் தலையில் வைத்து இந்த ஒரு பாட்டை எனக்கு மூன்று மாதம் பழக்கினார். தண்ணீர் சிந்தினால் முதல் அடியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். இதைப் பரதநாட்டியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆட்டம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அதன்பின் நாரதரோடு தர்க்கம், வேடனாக வரும் முருகனோடு தர்க்கம், கிழவனோடு கேலி என்று இரவு நீளும். பின்னிரவு மூன்று மணிக்குத் தொண்டை கட்டத் தொடங்கும்போது மிளகும் பனங்கற்கண்டும் போட்ட வெந்நீரை இரண்டு மிடறு குடித்துவிட்டு, திரும்பவும் மேல் ஸ்தாயியில் நின்று பாட வேண்டும். எனக்கு மைக் இருந்தது. அந்த அம்மாவுக்கு அந்தக் காலக் கொட்டகையில் அதுவும் இல்லை.

வேறொன்றையும் சொல்ல வேண்டும். பங்குனி தொடங்கி ஆடிவரை எங்களுக்குத் தேதி நிறைந்திருக்கும். ஊர்த் திருவிழாவில் எங்களை வள்ளியம்மா என்று கும்பிடுவார்கள். அதே ஆண்டில் ஒரு நகரத்தில் வீடு பார்க்கப் போனபோது, வீட்டுக்காரர் முன்பணத்தைக் கையில் வாங்கி எண்ணிய பிறகு, நான் நாடகக்காரி என்று தெரிந்ததும் அதைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். என் மகள் பக்கத்தில் நின்றாள். லட்ச ரூபாய் வாங்கிய சுந்தராம்பாள் அம்மா வெள்ளைப் புடவையும் திருநீறுமாகவே வாழ்ந்ததில், கணவர்மேல் இருந்த அன்போடு, நாடகக்காரியைப் பார்க்கும் ஊர்க்கண்ணுக்குக் கொடுத்த பதிலும் இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். இது என் எண்ணம் மட்டுமே. மாணவிகள் மேடையில் சொல்ல வேண்டாம்.

வில்லியனூர் இசைத்தட்டு எழுதியது:

பண்ருட்டி அம்மாவின் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் பழைய இசைத்தட்டுகளைச் சேர்க்கிறவன் என்பதால் ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். நிகழ்ச்சியில் சுந்தராம்பாள், கிட்டப்பா பாட்டுகளை ஒலிக்கச் செய்வீர்கள் என்று நினைக்கிறேன். அவை நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அரக்குத் தட்டுகளில் பதிந்தவை. ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் பாட முடியும். கிட்டப்பாவின் 'காயாத கானகத்தே' சுவாமிகள் எழுதிய பாட்டு. மேடையில் ரசிகர்கள் திரும்பத் திரும்பக் கேட்க, அவர் விரித்துப் பாடிக்கொண்டே போவார். தட்டில் நமக்குக் கிடைப்பது அதன் சாறு. பாட்டு முடிவதற்குள் தட்டு முடிந்துவிடும் என்ற அவசரத்தைச் சில பதிவுகளில் கடைசி அடியின் வேகத்திலேயே கேட்கலாம். ஆகவே 'மேடையில் இப்படித்தான் பாடினார்கள்' என்று அறிவிக்காமல், 'இது மேடைப் பாட்டின் இசைத்தட்டு வடிவம்' என்று அறிவிப்பது நேர்மையாக இருக்கும். கைப்பேசியிலிருந்து போடுவதானால் இரைச்சலை நீக்கிய பதிவைத் தவிர்த்துவிடுங்கள். இரைச்சலை நீக்கும்போது மேல் ஸ்தாயியில் அந்த அம்மாவின் குரலில் இருக்கும் கூர்மையும் சேர்ந்து போய்விடுகிறது.

முத்தியால்பேட்டை ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 'நேரடி மாணவி' என்ற வரியையும் 'நடிப்பைத் துறந்தார்' என்ற வரியையும் நீக்கிவிட்டேன். முதலில் ஔவையார் வேடத்தோடு தொடங்கி விருதுகளில் முடிப்பதாக இருந்தேன். இப்போது கொழும்பு மேடையில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி கிட்டப்பாவுக்கு எதிரில் வந்து நிற்கும் காட்சியோடு தொடங்கி, நந்தனார் வேடத்தோடு நிறுத்திவிடப் போகிறேன். ராஜலட்சுமி அம்மையாருக்கு அடுத்த ஆண்டு தனி நிகழ்ச்சி வைக்க வேண்டும். இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

பண்ருட்டி அம்மாவிடம் ஒரு விண்ணப்பம். எட்டாம் வகுப்பில் நன்றாகப் பாடும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். ஆலோலத்தின் நான்கு அடிகளை மட்டும் கவணோடு பாடிக் காட்ட அவளைப் பழக்க முடியுமா? தாங்கள் புதுச்சேரிக்கு வந்துபோக நானே ஏற்பாடு செய்கிறேன்.

பண்ருட்டி வள்ளி எழுதியது:

வருகிறேன், அம்மா. ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்துக்கொள்ளலாம். பிள்ளையின் குரலை முதலில் கேட்க வேண்டும். அவளுக்கு எந்தக் கட்டை என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்வோம். கவண் என்னிடம் இருக்கிறது. ஒரு பித்தளைச் சொம்பு மட்டும் எடுத்து வையுங்கள்.