யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஐட்லிங்கில் தானாக ரேஸ் ஆகிறது, உதவி வேண்டும்

அப்பா 1992இல் வாங்கிய வண்டி, 98 சிசி டூ ஸ்ட்ரோக். அவர் நினைவாக வைத்திருக்கிறேன். ஒரு மாதமாக இதே தொல்லை.

வண்டி சூடானதும் ஐட்லிங் நிலையாக நிற்பதில்லை. தானாக ஏறும், இறங்கும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் குறைய நேரமாகிறது. பாதி ஆக்சிலேட்டரில் சீராகப் போனால் தள்ளித் தள்ளி ஓடுகிறது. சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் அடங்கிவிடுகிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளை நிறம். பெட்ரோல் குறைவு, அல்லது எங்கோ காற்று கூடுதலாக நுழைகிறது என்றுதான் தோன்றுகிறது.

கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளை (பெட்ரோல் வரும் சிறு துளைகள்) சுத்தம் செய்தாயிற்று. பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக வரட்டும் என்று நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினேன். கார்புரேட்டர் ரப்பர் ஜாயிண்ட் புதிது. ஜாயிண்டைச் சுற்றியும் சிலிண்டர் பேக்கிங் ஓரத்திலும் கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்த்தேன், சத்தத்தில் மாற்றமே இல்லை, அதனால் அங்கே கசிவு இல்லை என்று நினைக்கிறேன். டேங்க் மூடியில் உள்ள காற்று ஓட்டையும் அடைபடவில்லை.

மெக்கானிக் மெயின் ஜெட்டைப் பெரிதாக்கலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மெயின் ஜெட் ஆக்சிலேட்டரை நன்றாகத் திருகும்போதுதானே வேலை செய்யும், ஐட்லிங்கில் வரும் கோளாறுக்கு அது என்ன செய்யும்? காற்றுக் கசிவு அப்படியே இருந்தால் பிஸ்டன் ஜாம் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது, அதனால் இப்போது ஓட்டுவதையே நிறுத்திவிட்டேன்.

மேக்னட் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மேல்தான் என் சந்தேகம். இன்ஜினைப் பிரிக்காமல் அதை உறுதி செய்ய வழி உண்டா? சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் அடைத்து, குறைந்த அழுத்தத்தில் காற்றேற்றிச் சோதித்தவர்கள் யாராவது இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள் அண்ணா. அந்த சீலை மேக்னட்டை மட்டும் கழற்றி மாற்ற முடியுமா?