பழைய லோரியில் ஹெட்லைட் மங்கல்: பல்பை மாற்றுவதா, ரிலே போடுவதா?

குலைலோரி, ஊத்தான் மெலிந்தாங்:
அண்ணன்மார்களே, என்னிடம் பழைய இசுசு லோரி இருக்கிறது, 24 வோல்ட். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்கு ஓட்டுகிறேன். வெட்டிய பழம் கிடக்கக் கிடக்க எண்ணெயில் அமிலம் ஏறும், அதனால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. மழை பெய்து வேலை தாமதமானால் தோட்டத்தை விட்டுக் கிளம்பவே ராத்திரி ஒன்பது ஆகிவிடுகிறது. லைட்டு எரிகிறதா என்று இறங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது, அவ்வளவு மங்கல். போன வாரம் மண் சடக்கில் ஒரு கறுப்பு மாடு படுத்துக் கிடந்தது, பிரேக்கை மிதித்து நின்றபோது அதன் கொம்புக்கும் என் பம்பருக்கும் ஒரு முழம்கூட இல்லை. பல்பு இரண்டு தடவை மாற்றியாயிற்று. டவுனில் ஒரு பட்டறையில் 100 வாட் பல்பு போடச் சொல்கிறார்கள். போடலாமா?

ராத்திரி_டிரைவர்:
எல்இடி வாங்கிச் செருகு தம்பி, பால் மாதிரி வெளிச்சம். நான் போட்டு எட்டு மாதமாகிறது.

வயர்க்காரன்:
எட்டு மாதமாக எதிரே வருகிறவன் உங்களைத் திட்டுவது உங்களுக்குக் கேட்காது அண்ணே. ஹாலஜனுக்குச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்இடியைச் செருகினால் ஒளி கண்டபடி சிதறும், பக்கத்தில் பளீரென்று இருக்கும், தூரத்தில் ஒன்றும் தெரியாது, மழையில் இன்னும் மோசம்.

தம்பி, 100 வாட் வேண்டவே வேண்டாம். உன் வண்டியில் இருப்பது 75/70 வாட் எச்4, அதாவது ஹையும் லோவும் ஒரே பல்பில் உள்ள வகை என்று நினைக்கிறேன். கோளாறு பல்பில் இல்லை, பல்புக்கு மின்சாரம் போய்ச் சேரவில்லை. பேட்டரியிலிருந்து கிளம்பி, ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வழியாக, இருபது வருடத்துப் பழைய வயரில் சுற்றிக்கொண்டு வருகிறதே, பாதி வழியிலேயே களைத்துவிடும். அதே வயரில் 100 வாட்டை ஏற்றினால் சாக்கெட் உருகும், சுவிட்ச் கருகும்.

முதலில் அளந்து பார். எஞ்சினை ஓடவிட்டு லோ பீமைப் போடு. மல்டிமீட்டரில் பேட்டரியில் எவ்வளவு, சாக்கெட்டைக் கழற்றாமல் பின்பக்கம் குத்திப் பல்பில் எவ்வளவு என்று பார். பத்து சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். பல்பிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரையும் விடாதே, பாதி நேரம் திருடன் அங்கேதான் இருப்பான். அதன் பிறகும் குறைந்தால் ரிலே போடு: பழைய சுவிட்ச் அதை இயக்க மட்டும் செய்யும், பல்புக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து ரிலே வழியாக நேராகப் போகும்.

குலைலோரி:
அளந்தேன் அண்ணே. பேட்டரியில் 27.8, பல்பில் 24.3. எர்த் போல்ட்டைக் கழற்றினால் பச்சைத் துரு, சுரண்டி எடுத்த பிறகு 25 ஆனது. ரிலே எப்படிப் போடுவது என்று சொல்லுங்கள்.

வயர்க்காரன்:
24 வோல்ட் ரிலே இரண்டு வாங்கு, ஒன்று லோவுக்கு, ஒன்று ஹைக்கு. கடைக்காரன் 12 வோல்ட்டைத் தலையில் கட்டிவிடுவான், எழுத்தைப் படித்து வாங்கு, உள்ளே டயோடு (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுவது) இல்லாததாகப் பார். ரிலேயின் பின்களில் எண் போட்டிருக்கும்: 30-க்கு பேட்டரி பிளஸ், 87-லிருந்து இரண்டு பல்புக்கும். ரிலேயை இழுக்க வைக்கும் 85, 86 இரண்டும் பழைய சாக்கெட்டுக்கு.

இங்கேதான் பல பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பல ஜப்பான் வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும், லோவுக்கும் ஹைக்கும் பொதுவான பின்னில் பிளஸ் எப்போதும் வரும். இது தெரியாமல் 85-ஐ நேராக பாடியில் கட்டினால் ரிலே இழுக்கவே இழுக்காது, அல்லது விட்டுக்கொடுக்கவே கொடுக்காது. அதனால் பழைய சாக்கெட்டின் பொதுப் பின்னுக்கும் லோ பின்னுக்கும் நடுவே ஒரு ரிலே, பொதுப் பின்னுக்கும் ஹை பின்னுக்கும் நடுவே இன்னொன்று. சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் வேலை செய்யும். பல்புக்குப் புது சாக்கெட், அதற்குப் புது எர்த்.

பேட்டரி சேசிஸில் பின்னால் கிடக்கும், தூரம் அதிகம், 4 சதுர மில்லிமீட்டர் வயர் போடு. பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்ப் பியூஸ். இரண்டு பேட்டரிக்கு நடுவிலிருந்து மட்டும் எடுத்துவிடாதே, அங்கே கிடைப்பது 12 வோல்ட்தான்.

பழைய_போர்மேன்:
ஒரு பியூஸில் இரண்டு கண்ணையும் கட்டாதீர்கள். 87-லிருந்து வலது இடது என்று பிரித்துத் தனித்தனியாகப் பியூஸ் போடுங்கள். ஒரு பக்கத்து வயர் தேய்ந்து ஷார்ட் ஆனாலும் இன்னொரு கண்ணாவது இருக்கும். நான் இருட்டில் வாய்க்கால் ஓரம் நின்று படித்த பாடம் இது. வயருக்கு மேலே குழாய் போடுங்கள், தோட்டத்து எலி வயரைக் கரும்பாக நினைத்துக் கடிக்கும்.

குலைலோரி:
ஞாயிற்றுக்கிழமை வேலையை முடித்தேன். இப்போது பல்பில் 27.3, அதே பல்புதான்! மரத்தில் எந்தக் குலை பழுத்திருக்கிறது என்றுகூடத் தெரிகிறது. ஆனால் எதிரே வருகிறவர்கள் ஹை பீம் அடித்துக் காட்டுகிறார்கள், நான் லோவில்தான் போகிறேன்.

வயர்க்காரன்:
சும்மா வரும்போதா, லோடு ஏற்றி வரும்போதா?

குலைலோரி:
லோடோடு.

வயர்க்காரன்:
அதுதான் விஷயம். பாரம் ஏறினால் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும், லைட்டும் மேலே பார்க்கும். முன்பு மங்கலாக இருந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை. லோடு இருக்கும்போது சமதரையில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்து, லோ பீமின் மேல் விளிம்பு விளக்கின் மட்டத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும், ஸ்குரூவைத் திருப்பி வை. வண்டிப் பரிசோதனைக்குப் புஸ்பாகோமுக்குக் காலி வண்டியாகக் கொண்டுபோகும்போது மறுபடி பார்த்துக்கொள்.

குலைலோரி:
ஆலையில் எடை போட வரிசையில் நிற்கும்போது முன்னால் சுவர் இருக்கிறது அண்ணே, நாளைக்கே செய்துவிடுகிறேன்.