மே மாசம் மூணு நாள்: கொடைக்கானலா, மண்டபமா?

கீழவீட்டுச் சொந்தங்கள்
மார்ச் 14, சனி

கார்த்தி, காலை 7:40
எல்லாரும் பாருங்க. மே 14 வியாழன் ராத்திரி ரயிலுக்கு நாளைக்குக் காலை 8 மணிக்கு புக்கிங் திறக்குது. 60 நாளைக்கு முன்னாடிதான் போட முடியும், சீசன்ல உடனே காலியாயிரும். ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம் ஊர்ல சித்தப்பா வீடா, கொடைக்கானலா, இன்னைக்குள்ள சொல்லுங்க.

பெரியம்மா, 7:52
காலை வணக்கம்

செல்வி அத்தை, 7:55
கொடைக்கானல்னுதானே பேசுனோம்

திருப்பூர் மாமா, 7:58
ஆமா. கத்திரி வெயில்ல ராமநாதபுரத்துக்கு யாராவது சுற்றுலா வருவாங்களா

மண்டபம் சித்தப்பா, 8:20
மச்சான், கணக்கைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. நாம பெரியவங்க 9, பிள்ளைங்க 5. கொடைக்கானல்ல நாலு ரூம், ரெண்டு ராத்திரி. மே மாசம் அங்க ரூம் வாடகை சாதாரண நாள் மாதிரி இருக்காது. இங்கிருந்து போக வர 500 கிலோமீட்டருக்கு மேல. மூணு நாள்ல ஒரு நாள் முழுக்க வண்டியிலயே போயிரும், மலையில பிள்ளைங்க வாந்தி எடுக்கும். இ-பாஸ் எடுக்காம வண்டி மேல ஏறாது, எடுத்தாலும் ஏரிக்கிட்ட வண்டி நகராது. மண்டபத்துல வீடு இருக்கு, வாடகை இல்ல. அந்தக் காசை வண்டிக்கும் படகுக்கும் சாப்பாட்டுக்கும் போடுவோம். வெயிலுக்கு ஒரே வழிதான். காலையில 5 மணிக்குக் கிளம்பணும், 11 மணிக்கு நிழலுக்கு வந்துரணும், திரும்ப நாலு மணிக்கு மேல வெளிய போகணும். நடுவுல தூக்கம். இதை மாத்துனா மட்டும்தான் கஷ்டம்.

பிரியா, 8:24
மண்டபம் 👍 பிள்ளைங்க கடல்தான் கேக்குதுங்க

கார்த்தி, 8:25
அப்ப நாளைக்கு 14ஆம் தேதிக்கு போட்டுரட்டுமா

மண்டபம் சித்தப்பா, 8:31
போடாத. அந்தச் சனிக்கிழமை அமாவாசை. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துல கால் வைக்க இடம் இருக்காது, சேதுக்கரையிலயும் திதி கொடுக்குற கூட்டம். பாம்பன் பாலத்துலயே வண்டி நின்னுரும், ஆட்டோக்காரன் கேட்டதுதான் விலை. ஒரு வாரம் முன்னாடி வாங்க. 7ஆம் தேதி வியாழன் ராத்திரி ஏறி, 10ஆம் தேதி ஞாயிறு ராத்திரி திரும்புங்க. ரெண்டு தேதிக்கும் புக்கிங் ஏற்கெனவே திறந்தாச்சு, அதனால நாளைக்குன்னு இருக்காம இன்னைக்கே போடு.

செல்வி அத்தை, 8:33
அப்பாவுக்கு அமாவாசையில ஒரு திதி கொடுத்த மாதிரியும் இருக்கும்ல சின்னண்ணே

மண்டபம் சித்தப்பா, 8:36
அது ஆடி அமாவாசைக்கு நாங்க இங்க கொடுத்துருவோம் செல்வி. பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்ற பயணத்துல அதைச் சேக்க வேண்டாம். ரெண்டும் ஒழுங்கா நடக்காது.

பெரியப்பா, 8:40
சரியான பேச்சு.

மண்டபம் சித்தப்பா, 8:52
முன்னாடி வாங்கன்னு சொல்றதுக்குக் காத்தும் ஒரு காரணம். மே கடைசியில கச்சான், அதான் தென்மேற்குக் காத்து, ஏறிரும். அப்ப மன்னார் வளைகுடா பக்கம், அதான் நம்ம ஆண்கடல், அலை தூக்கும். குருசடைத் தீவுக்கு வனத்துறை படகை நிறுத்திருவாங்க. தனுஷ்கோடி அரிச்சல்முனையில மணல் முகத்துல அடிக்கும், கண்ணைத் தொறக்க முடியாது. மே முதல் பத்து நாள்னா படகு ஓட வாய்ப்பு இருக்கு. பாக் நீரிணைப் பக்கம் இருக்குற பெண்கடல் அந்த மாசம் குளம் மாதிரி கிடக்கும். அதனால குளிக்கிறது எல்லாம் வடக்குக் கரையில, வேடிக்கை பாக்குறது தெற்குக் கரையில. ஐப்பசி மார்கழியில வந்தா இதையே தலைகீழா மாத்திக்கணும், வாடையில வடக்குக் கடல்தான் கொந்தளிக்கும்.

கார்த்தி, 8:55
எந்த ரயில்ல போடட்டும், சேது எக்ஸ்பிரஸா போட் மெயிலா

மண்டபம் சித்தப்பா, 9:03
வரும்போது போட் மெயில். சேது இருட்டுலயே வந்துரும், பிள்ளைங்க தூங்கிட்டு இருக்கும். திரும்புறதுக்கு சேது, அது ராத்திரி வண்டி, ஞாயிறு சாயங்காலம் வீணாகாது. ஒண்ணு கவனி. அண்ணன், மதினி ரெண்டு பேருக்கும் தனி டிக்கெட் போடு. ஆம்பளைக்கு 60 வயசு, பொம்பளைக்கு 45 வயசு தாண்டுனா கீழ் படுக்கை கோட்டா உண்டு. ஆனா அந்த டிக்கெட்ல ஒருத்தரோ ரெண்டு பேரோதான் இருக்கணும். உங்க நாலு பேரையும் ஒரே டிக்கெட்ல போட்டா அந்தக் கோட்டா வராது, மதினி முட்டி வலியோட நடுப்படுக்கை ஏறணும். 4 வயசு சின்னவனுக்கு டிக்கெட் வேண்டாம். 7 வயசுக்காரிக்குப் படுக்கை வேணும்னா முழு கட்டணம், வேண்டாம்னா பாதி. முழுசா கொடுத்துரு, ராத்திரி முழுக்க அம்மா மடியில தூங்க முடியாது.

பெரியம்மா, 9:05
அது முக்கியம் கார்த்தி

திருப்பூர் மாமா, 9:10
வண்டி யாரு புக் பண்றது. குற்றாலம் மாதிரி ஆயிரக் கூடாது

திருப்பூர் மாமா, 9:11
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா, 9:13
என்ன எழுதி அழிச்சீங்க தம்பி

செல்வி அத்தை, 9:13
விடுங்க மதினி

மண்டபம் சித்தப்பா, 9:25
கேக்க வேண்டிய கேள்விதான் மச்சான். குற்றாலத்துக்குக் கிலோமீட்டர் கணக்குல பேசுனது சரி, தூரம் அதிகம். இங்க அது நஷ்டம். கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு பேசுனா ஒரு நாளைக்குக் குறைஞ்சது 250 கிலோமீட்டர்னு போடுவாங்க. நாம அரிச்சல்முனை போய் வந்தா 80, ஊருக்குள்ள சுத்துறது சேத்து 100. ஓடாத 150 கிலோமீட்டருக்கும் சேத்து காசு கொடுக்கணும். அதனால நாள் வாடகை பேசி, டீசல் நம்ம போடுவோம். 14 சீட்டு டெம்போ டிராவலர், நாள் 4,000 கேட்டிருக்கேன். கிளம்பும்போதும் முடியும்போதும் மீட்டரை போட்டோ எடுத்து இந்தக் குழுவுலயே போடுங்க. ஓட்டுநர் பேட்டா, பார்க்கிங் யார் கொடுக்குறதுன்னு முன்னாடியே பேசிரணும், சண்டை வர்றதே அந்த இடத்துலதான்.

திருப்பூர் மாமா, 9:28
சரி

உமா சித்தி, 9:40
எல்லாரும் வாங்க. ஆனா தண்ணியைப் பத்தி யாரும் பேசலையே

செல்வி அத்தை, 9:42
நான் சொல்லணும்னு இருந்தேன். போன பொங்கலுக்கு உமா மதினி மூணு நாளும் அடுப்படியை விட்டு வெளிய வரல. நாம கடல் பாத்துட்டு வந்து சாப்பாடு ரெடியான்னு கேட்டோம். ரூம் வாடகை மிச்சம்னு சொல்றது எல்லாம் மதினி தலையிலதான் ஏறுது. சமையலுக்கு ஆள் போட்டாத்தான் நான் வருவேன்

பிரியா, 9:43
அத்தை சொல்றது நூத்துக்கு நூறு

உமா சித்தி, 9:50
சமையல் பெருசில்ல செல்வி. தண்ணிதான். மாடியில டேங்க் 1,000 லிட்டர். 14 பேருக்கு ஆளுக்கு 100 லிட்டர்னு வச்சாலும் ஒரு நாளைக்கு 1,400. கடல்ல குளிச்சுட்டு வந்தா ஒவ்வொருத்தரும் ரெண்டு தடவை ஊத்திப்பீங்க. காவிரித் தண்ணி தினமும் வராது. தள்ளுவண்டியில நாலு குடம் வச்சு நான் எத்தனை நடை தள்ளுறது

பெரியப்பா, 9:53
டேங்கர் லாரி சொல்லிருவோம். செலவுல சேரு.

மண்டபம் சித்தப்பா, 10:15
சேத்தாச்சு. கணக்கு இது. பெரியவங்க ஆளுக்கு 2,000, பிள்ளைங்களுக்கு 1,000. அப்பத்தாவுக்குப் பங்கு இல்ல. 8 பேர் 16,000, பிள்ளைங்க 5,000, மொத்தம் 21,000. வண்டி ரெண்டு நாள் 8,000. டீசல், சனி 100 ஞாயிறு 150 கிலோமீட்டர், லிட்டருக்கு 10 வச்சா 25 லிட்டர், 2,400 ஒதுக்குவோம். பேட்டா 1,000. மளிகை, மீன், வெளிச் சாப்பாடு எல்லாம் சேத்து 5,000. சமையல் ஆளுக்கு 2,000. தண்ணிக்கு 1,000. ஆக 19,400. மிச்சம் 1,600 நுங்கு, ஐஸ், மருந்துன்னு போகும். படகு டிக்கெட் இதுல இல்ல, போறவங்க தனியா போடுங்க. ரயில் அவங்கவங்க பாடு.

திருப்பூர் மாமா, 10:19
வீடு கொடுக்குறவங்க ஏன் பங்கு போடணும்

மண்டபம் சித்தப்பா, 10:20
அதை அப்புறம் பேசுவோம்

திருப்பூர் மாமா, 10:20
அப்புறம்னா எப்ப

பெரியம்மா, 10:31
உமா, முண்டு மிளகா அஞ்சு கிலோ வாங்கி வைக்க முடியுமா. இங்க குண்டு மிளகான்னு எதையோ விக்கிறான், நிறமும் இல்ல வாசமும் இல்ல

செல்வி அத்தை, 10:32
எனக்கும் மூணு கிலோ

உமா சித்தி, 10:38
எட்டிவயல் சந்தையிலருந்து வாங்கலாம் மதினி. 2023ல புவிசார் குறியீடு கிடைச்சதுல இருந்து அந்தப் பேர்ல வேற ஊர் மிளகாயும் வருது. கையில எடுத்து ஆட்டிப் பாக்கணும், விதை உள்ள கலகலன்னு சத்தம் வரணும். சத்தம் வரலைன்னா ஈரம் இருக்கு, எடை கூடும், ஒரு மாசத்துல பூஞ்சை பிடிக்கும்

கார்த்தி, 10:40
மிளகா இருக்கட்டும். மீன் கிடைக்குமா, மீன்பிடி தடைக்காலமாச்சே

மண்டபம் சித்தப்பா, 10:52
ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகாது. நாட்டுப்படகு போகும். அதனால மீன் உண்டு, விலை கூட. ஓட்டல்ல பெரிய மீன் வறுவல், இறால்னு கேக்காதீங்க, அந்தச் சமயத்துல அதுல பாதி ஐஸ்ல கிடந்தது. காலையில கரையில ஏலத்துல நகரை, முரல், சூடைன்னு என்ன வருதோ அதை வாங்கி வீட்டுல குழம்பு வைப்போம். செவுளைத் தூக்கிப் பாத்து சிவப்பா இருந்தா எடுங்க, பழுப்பா இருந்தா விட்டுருங்க. காலையில பதநீர், மத்தியானம் நுங்கு. இது ரெண்டும் மே மாசத்துல நம்ம ஊர்ல கிடைக்குற மாதிரி வேற எங்கயும் கிடைக்காது.

பிரியா, 10:55
பிள்ளைங்க பூநாரை பாக்கணும்னு சொல்லுதுங்க சித்தப்பா

மண்டபம் சித்தப்பா, 10:57
தை மாசி மாசம்மா அதெல்லாம். மே மாசம் போயிருக்கும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவை சரணாலயமும் அப்ப வறண்டு கிடக்கும், அந்தப் பக்கம் டீசலை வீணாக்க வேண்டாம்.

கார்த்தி, 11:05
நாள் வாரியா சொல்லிருங்க சித்தப்பா, நான் எழுதி வச்சுக்கிறேன்

மண்டபம் சித்தப்பா, 11:34
வெள்ளி வந்து இறங்கித் தூங்குங்க. சாயங்காலம் வடக்குக் கரை, நடந்தே போகலாம், வண்டி வேண்டாம். குருசடை போறதா இருந்தா அன்னைக்குக் காலையில வனத்துறைக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் குந்துகால் போகணும், காத்தைப் பொறுத்துதான் விடுவாங்க.

சனி 5 மணிக்கு வண்டி. நேரா தனுஷ்கோடி, அரிச்சல்முனை. அங்க நிழலே கிடையாது, 8 மணிக்கு மேல நிக்க முடியாது. தண்ணி கேன் ரெண்டு வண்டியில இருக்கணும். அரிச்சல்முனையில ஒருத்தரும் கடல்ல இறங்கக் கூடாது. ரெண்டு கடலும் சேர்ற இடம், நீரோட்டம் இழுக்கும், கரையிலருந்து ரெண்டு அடியிலயே பள்ளம். 1964 புயல்ல அழிஞ்ச சர்ச்சு, ரயில் நிலையம் எல்லாம் பிள்ளைங்களுக்குக் காட்டுங்க. அப்பத்தாவைக் கேட்டா அந்த டிசம்பர் ராத்திரியைப் பத்திச் சொல்லும். திரும்பும்போது கோதண்டராமர் கோயில்.

பத்து மணிக்கு ராமேஸ்வரம். முதல்ல அக்னி தீர்த்தம், அப்புறம் உள்ள 22 தீர்த்தம், அப்புறம் காஞ்ச துணி மாத்திட்டுத்தான் சாமி. ஈரத்துணியோட சன்னதிக்கு விட மாட்டாங்க. ஆளுக்கு ஒரு மாத்துத்துணியும் துண்டும் தனித்தனி கவர்ல வைங்க, ஒரே பையில போட்டா யாரோடது எதுன்னு அங்க தேட முடியாது. பிரகாரம் வழுக்கும், சின்னவனைத் தூக்கிக்கோ. போனை வண்டியிலயே விட்டுருங்க. தீர்த்தச் சீட்டு கவுன்டர்ல மட்டும், வழியில வந்து கூப்பிடுறவங்க கையில காசு கொடுக்காதீங்க. மத்தியானம் நடை சாத்துறதுக்குள்ள முடிச்சிரணும், விட்டா மூணு மணி வரைக்கும் வெயில்ல நிக்கணும்.

திரும்பும்போது பிள்ளைங்களை மட்டும் ரயில்ல மண்டபத்துக்குக் கூட்டிட்டு வருவோம், ரெண்டு பெரியவங்க கூட போதும். 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலம், நடுவுல 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் மேல தூக்கும், கப்பல் போறதுக்கு. அதுக்கு முன்னாடி இருந்தது 1914 பழைய பாலம். ரோட்டுப் பாலத்துல வண்டியை நிறுத்தி போட்டோ எடுக்குறதை விட இது நல்லது, பின்னாடி வர்ற பஸ்ஸுக்கும் தொல்லை இல்ல.

ஞாயிறு உத்திரகோசமங்கை, திருப்புல்லாணி, சேதுக்கரை. உத்திரகோசமங்கையில மரகத நடராஜர் சந்தனக் காப்புலதான் இருப்பார், மார்கழித் திருவாதிரைக்கு மட்டும்தான் சந்தனம் களைவாங்க. பச்சையா பாக்கலைன்னு யாரும் ஏமாற வேண்டாம். சாயங்காலம் அரியமான், சவுக்கு நிழல், இடுப்பளவு தண்ணி ரொம்ப தூரம் வரைக்கும். பிள்ளைங்க அங்க குளிக்கட்டும்.

செல்வி அத்தை, 11:38
சொறி மீன், அதான் ஜெல்லி மீன், இருக்குமா சின்னண்ணே, போன தடவை தேவிக்குக் கால் வீங்கிருச்சு

மண்டபம் சித்தப்பா, 11:44
இருக்கலாம். பட்டுருச்சுன்னா கடல் தண்ணியாலயே கழுவணும். மணல் போட்டுத் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணியும் ஊத்தக் கூடாது, எரிச்சல் கூடும். இன்னொண்ணு, தண்ணிக்குள்ள காலைத் தூக்கித் தூக்கி வைக்காம தரையில தேய்ச்சே நடக்கச் சொல்லு. திருக்கை மணலுக்குள்ள படுத்திருக்கும், மேல மிதிச்சாத்தான் முள்ளால அடிக்கும், தேய்ச்சு நடந்தா விலகிப் போயிரும். பவளப்பாறைத் துண்டு, கடல் அட்டை எதையும் பிள்ளைங்க பையில போடக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வழக்கு ஆயிரும்.

கார்த்தி, 11:50
போட் மெயில் 7ஆம் தேதி பாத்தேன், 6 சீட்டு இருக்கு. போடுறேன். மாமா உங்களுக்கு?

திருப்பூர் மாமா, 11:56
நாங்க மதுரை வந்து அங்கருந்து பஸ்ல வந்துருவோம். ஆனா நான் இன்னும் சரின்னு சொல்லல. வீட்டுக்காரங்க பங்கு விஷயம் முடியட்டும்

செல்வி அத்தை, 11:57
நாங்க வர்றோம். போடு கார்த்தி

உமா சித்தி, 12:04
டேங்கர் வியாழக்கிழமையே வரணும், வெள்ளிக்கிழமைன்னா நீங்க வந்து இறங்கும்போது குழாய் காஞ்சு கிடக்கும். சமையலுக்குப் பக்கத்துத் தெரு அக்காவைக் கேட்டுட்டு சொல்றேன். அவங்க மீன் மட்டும் ஆய மாட்டாங்க, அது யாரு பாக்குறது?

பெரியம்மா, 12:06
மிளகா அஞ்சு இல்ல, ஏழு கிலோவா வாங்கிரு உமா