மறு: ‘ஹேண்ட்லோடு’ என்பதற்குக் கைச்சுமையா, கைக்கெட்டா?

குழுவினருக்கு வணக்கம். ‘ஹேண்ட்லோடு’ என்பது ஆலையில் செய்ததை வாங்காமல், பித்தளைக் கூட்டில் வெடிமருந்தும் குண்டும் சேர்த்துக் கையாலேயே செய்யும் துப்பாக்கித் தோட்டா. அதற்கு நீங்கள் முன்மொழிந்த தமிழ்ச் சொற்களுக்கு என் மறுமொழி இது.

> மின்னியலில் ‘லோடு’ என்றால் சுமை. அதே வழியில் ‘கைச்சுமை’ என்று வைத்துவிடலாமே?

மின்னியலில் அது பொருந்தும். மின்சாரத்தை இழுக்கும் கருவி அங்கே மூலத்துக்குச் சுமையாகிறது. தோட்டாவில் எது எதைச் சுமக்கிறது? கைச்சுமை என்றதும் எனக்கு விறகுக்கட்டுதான் கண்ணில் தெரிகிறது. மொழிபெயர்ப்பில் இருப்பது மான் வேட்டைப் பயிற்சிக் கையேடு. படிக்கப்போகிறவர் உரிமம் வாங்கக் காத்திருக்கும் புதியவர். சொல் அவருக்குத் தவறான படம் காட்டினால் தீங்கு கையிலும் கண்ணிலும் விடியும். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

> ‘கைக்கெட்டு’. ‘மருந்து கெட்டித்தல்’ என்று நம் பெரியவர்கள் சொன்னதுதானே?

எனக்கும் முதலில் பிடித்த சொல் இதுதான். ஆனால் கெட்டித்தல் என்பது குழலின் வாய்வழியே வெடிமருந்து இடும் பழைய துப்பாக்கிக்கும் வேட்டுக் குழாய்க்கும் உரிய வினை. மருந்தைக் கொட்டிக் கோலால் இடித்து இறுக்குவது. இன்றைய ரைஃபிள் தோட்டாவில் புகையில்லா மருந்தை யாரும் இடிப்பதில்லை. தராசில் நிறுத்துப் புனல் வழியே கூட்டுக்குள் ஊற்றுகிறார்கள். பல தோட்டாக்களில் மருந்துக்கு மேல் கொஞ்சம் வெற்றிடம்கூட இருக்கும். கூடு நிறைய மருந்து இருந்து, குண்டு அதை அழுத்தி உட்காரும் வகையும் உண்டு. அதை ஆங்கிலத்தில் ‘கம்ப்ரெஸ்டு சார்ஜ்’ என்று தனியே பிரித்துச் சொல்கிறார்கள். ‘கெட்டித்த மருந்து’ என்பதை அதற்கென்று ஒதுக்கிவைப்போம். எல்லாவற்றையும் கைக்கெட்டு என்றால், இறுக்குவதும் வேலையின் ஒரு பகுதி என்று புதியவர் நினைத்துக்கொள்வார்.

‘மறுநிரப்பு’ என்ற முன்மொழிவுக்கும் இதே போன்ற தடை. சுட்டுத் தீர்ந்த கூட்டுக்கு அது சரி. புதுக் கூடு வாங்கியும் கையால் தோட்டா செய்கிறார்களே, அங்கே ‘மறு’ எதற்கு? துப்பாக்கியில் தோட்டா தீர்ந்து மீண்டும் போடுவதையும் மறுநிரப்பு என்றுதான் எவரும் படிப்பார்.

சிக்கல் ‘ஹேண்ட்’ பகுதியில் இல்லை. ‘லோடு’ ஆங்கிலத்தில் மூன்று வேலை செய்கிறது. நேற்று இருபது தோட்டா லோடு செய்தேன் என்றால் அது செயல். லோடு அதிகமாகிவிட்டது என்றால் மருந்தின் அளவு. மானுக்கு எந்த லோடு வைத்திருக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டால், இன்ன கூடு, இன்ன பிரைமர் (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைப்பது), இன்ன மருந்து இத்தனை எடை, இன்ன குண்டு, மொத்த நீளம் இவ்வளவு என்ற முழுக் கூட்டமைப்பையும் கேட்கிறார். மூன்றையும் ஒரே தமிழ்ச் சொல்லில் அடைக்க முயல்வதால்தான் எதுவும் ஒட்டவில்லை. செயலுக்கு ‘மருந்து நிரப்பல்’, அளவுக்கு ‘மருந்தளவு’, மூன்றாவதற்குச் ‘சேர்மானம்’ என்று பிரிப்போம்.

சேர்மானம் சித்த மருத்துவர்கள் புழங்கும் சொல். எந்தச் சரக்கு, எவ்வளவு, எதனோடு என்ற முழுக் கணக்கும் அதில் அடங்கும். துப்பாக்கி மருந்தும் தமிழில் மருந்துதான் என்பது எனக்கு இதில் பெரிய மகிழ்ச்சி. இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. சேர்மானத்தில் ஒரு சரக்கை மாற்றினால் அது வேறு மருந்து. தோட்டாவிலும் அப்படியே. பிரைமரை மட்டும் மாற்றினால்கூட உள்ளே எழும் அழுத்தம் மாறிவிடலாம். ஆகவே ஹேண்ட்லோடு = கைச்சேர்மானம். தொழிற்சாலையில் வருவது ஆலைத் தோட்டா.

> ‘காளான்குண்டு’ நன்றாக இருக்கிறதே?

மானின் உடலில் பட்டதும் முனை விரியும் குண்டைச் சொல்கிறீர்கள். ஈயமுனைக் குண்டு விரிந்தபின் காளான் போலத்தான் இருக்கும். முழுக்கச் செம்பால் செய்தவை இதழ் இதழாகப் பிரிகின்றன. ‘விரிகுண்டு’ என்றால் இரண்டும் அடங்கும். முனைவரை செம்பு போர்த்தியதை ‘முழுவுறைக் குண்டு’ என்போம். இந்த வேறுபாட்டைக் கையேடு அழுத்திச் சொல்ல வேண்டும். 1899 ஹேக் பிரகடனம் போரில் விரிகுண்டைத் தடுத்தது. செய்தித்தாளில் அதைப் படித்தவர் வேட்டையிலும் அது கூடாது என்று எண்ணக்கூடும். இங்கிலாந்து, வேல்ஸின் 1991 மான் சட்டமோ, ரைஃபிளில் மென்முனை அல்லது குழிமுனைக் குண்டுதான், அதாவது விரியும் வகைதான், போட வேண்டும் என்கிறது. முழுவுறைக் குண்டு மெல்லிய துளையிட்டு வெளியேறிவிடலாம். அடிபட்ட மான் ஓடி, எங்கோ நெடுநேரம் துடித்துச் சாகும். அந்தத் துடிப்பைத் தவிர்க்கத்தான் சட்டம்.

பாகங்களின் பெயரில் எனக்குப் பெரிய வாதமில்லை. முழுப் பொருள் தோட்டா, பறப்பது குண்டு, பித்தளைப் பகுதி கூடு, குண்டின் மேற்போர்வை உறை. கழுத்து, தோள் என்பவை குடத்துக்குச் சொல்வது போலவே இதற்கும் அமைந்துவிடுகின்றன. ‘தோட்டா பாய்ந்தது’ என்று செய்தியில் வருவதை மட்டும் கையேட்டுக்குள் விடாதீர்கள். ஈழத்தில் ரவை, சன்னம் என்கிறார்கள். அங்குள்ள வாசகருக்காக முதல் பக்கத்தில் ஒருமுறை அடைப்புக்குறியில் கொடுத்துவிடலாம்.

தோட்டாப் பெயர்களைத் தமிழாக்க வேண்டாம். .30-06 என்பதில் பின்னெண் 1906ஆம் ஆண்டு. .30-30இல் அது தொடக்கத்தில் இட்ட 30 கிரெயின் மருந்து (கிரெயின் என்பது மருந்தையும் குண்டையும் நிறுக்கும் சிற்றெடை). 7மிமீ-08இல் .308 வின்செஸ்டர் என்ற வேறொரு தோட்டாவின் கூட்டைக் குறிக்கிறது. ஒரே சிறுகோட்டுக்கு மூன்று பொருள் இருப்பதை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் போதும்.

கடைசியாகக் கிரெயின். ‘மணி’ என்று ஒரு நண்பரும், குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின் என்பதால் ‘அரைக்குன்றி’ என்று இன்னொருவரும் எழுதியிருந்தார்கள். அழகுதான். ஆனால் 40 மணி மருந்து என்று படித்தவர் மருந்துத் துணுக்குகளை எண்ண உட்கார்ந்தால்? கிரெயின் என்றே இருக்கட்டும். ‘கி.’ என்று சுருக்கவே கூடாது. ஒரு கிராமில் 15.43 கிரெயின். 150 கிரெயின் குண்டு பத்துக் கிராம்கூடத் தேறாது. அது 150 கிராம் என்று அச்சேறினால் மற்ற எண்களையும் யார் நம்புவார்?

---

> சேர்மானம் நல்ல சொல். வேதியியலில் ‘சேர்மம்’ இருக்கிறது, குழம்பாதா? ஒரு பத்தி எழுதிக் காட்டுங்கள்.

சேர்மத்தில் தனிமங்கள் பிணைந்து வேறு பொருளாகிவிடுகின்றன. சேர்மானத்தில் ஒவ்வொன்றும் தன் இயல்போடு பக்கத்தில் நிற்கிறது. சூழலிலேயே வேறுபாடு விளங்கும் என நினைக்கிறேன். பத்தி இதோ:

“மானுக்கு .308 வின்செஸ்டரில் 150 கிரெயின் விரிகுண்டு பரவலாகப் பயன்படுகிறது. ஆலைத் தோட்டாவில் அது நொடிக்கு ஏறக்குறைய 2,820 அடி வேகத்தில் குழலை விட்டுப் புறப்படும். .243 வின்செஸ்டரில் 100 கிரெயின் குண்டு போதும், உதையும் குறைவு. கைச்சேர்மானம் செய்பவர், உற்பத்தியாளர் அச்சிட்ட தொடக்க மருந்தளவிலிருந்து சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டக்கூடாது. கூடு, பிரைமர், மருந்து, குண்டு ஆகியவற்றில் ஒன்று மாறினாலும் அது வேறு சேர்மானம். மறுபடியும் தொடக்க அளவுக்கு இறங்க வேண்டும்.”

பிரைமரை அப்படியே விட்டிருக்கிறேன். ‘எரியூட்டி’ ராக்கெட்டுக்கும் அடுப்புக்கும் போய்விட்டது. ‘தீப்பொட்டு’ என்று ஒன்று மனத்தில் ஓடுகிறது. கூட்டின் அடியில் பொட்டு வைத்தது போலத்தான் அது இருக்கிறது. உங்கள் கருத்து என்ன?