லீ கும் கீ: மறந்துபோன அடுப்பில் பிறந்ததா சிப்பி சாஸ்?

கேள்வி:
சிப்பி சாஸ் (oyster sauce) தயாரிக்கும் ஹாங்காங்கின் லீ கும் கீ நிறுவனத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஒரே கதைதான் வருகிறது. 1888-இல் தென்சீனாவின் குவாங்டொங் மாகாணத்தின் நான்ஷுய் என்ற கரையோர ஊரில் சிறிய உணவுக்கடை நடத்திய லீ கும் ஷியுங், அடுப்பில் சிப்பி வேகுவதை மறந்துவிட்டாராம். மூடியைத் திறந்தபோது சாறு சுண்டி, பழுப்பு நிறத்தில் கெட்டியாகி, மணம் வீசியதாம். இது நம்பத்தக்கதா? ஒரு கடையில் பிறந்த சாஸ் உலகெங்கும் பரவியது எப்படி என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
இது நிறுவனமே சொல்லிவரும் கதை. ஆனால் சமையல் முறைப்படி அதில் பிழை இல்லை. சோயா சாஸைப் போல மாதக்கணக்கில் நொதிக்கவைக்க வேண்டியதில்லை. சிப்பி வெந்த நீரைச் சுண்டக் காய்ச்சினாலே போதும். முத்து ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிய அப்பகுதியில் சிப்பிக்கும் குறைவில்லை. ஆனால் குடம் குடமாகக் காய்ச்சினாலும் கிண்ணம் அளவே மிஞ்சும் என்பதால், அது விலை உயர்ந்த பொருளாகவே இருந்தது.

மறுமொழி 2:
முந்தைய நண்பர் சொன்ன அந்த விலைதான் இந்த வரலாற்றின் முடிச்சு என்பது என் கருத்து. 1902-இல் தீவிபத்து நான்ஷுயை அழித்தபின் குடும்பம் மக்காவ் (Macau) நகருக்குக் குடிபெயர்ந்தது. 1932-இல் தலைமையகம் ஹாங்காங்குக்கு மாறியது. அதன் பிறகும் பல ஆண்டுகள், வசதி படைத்தோரும் வட அமெரிக்காவில் குடியேறிய சீனருமே வாங்கக்கூடிய சாஸாக அது நீடித்தது. மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்த லீ மன் டாட் 1972-இல் தலைவரானார். அதே ஆண்டு அமெரிக்க அதிபர் நிக்சன் சீனா சென்றுவந்ததைத் தொடர்ந்து இரண்டு பாண்டாக்கள் வாஷிங்டனுக்குப் பரிசாக அனுப்பப்பட்டு, அந்த விலங்கின் மீது பெரும் ஆர்வம் எழுந்திருந்தது. அந்த வேளையில்தான் சாதாரணக் குடும்பங்களும் வாங்கும் விலையில் பாண்டா என்ற பெயரிலேயே ஒரு சிப்பி சாஸை நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1888-ஐ விட 1972-ஐத்தான் நான் பெரிய ஆண்டாகக் கருதுகிறேன். முதலாவது ஒரு சுவையைத் தந்தது, இரண்டாவது அதை எளியவர்களின் அடுப்படிக்குக் கொண்டுசேர்த்தது.

மறுமொழி 3:
ஒரு சிறு சேர்க்கை: பெயரில் உள்ள ‘கீ’ குடும்பப் பெயர் அன்று, கான்டனீய மொழி பேசும் வணிகர்கள் கடைப்பெயரின் இறுதியில் சேர்க்கும் சொல்.

கேள்வி கேட்டவர்:
இருவகைப் புட்டிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பழைய உயர்தர வகையின் சீட்டில், சிப்பிகள் குவிந்த படகில் ஒரு பெண்ணும் சிறுவனும் இருக்கிறார்கள். அதன் சேர்மானப் பட்டியலில் சிப்பிச் சாறு முதலில் நிற்கிறது. பாண்டா புட்டியிலோ நீர், சர்க்கரை, உப்பு ஆகியவற்றுக்குப் பிறகே சிப்பிச் சாறு வருகிறது. விலை குறைந்த வழி இப்போது புரிகிறது, மிக்க நன்றி.