ஆஸ்திரேலியாவின் 482 விசாவில் முதலாளியை மாற்றியவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

சரக்கு மாஸ்டர், மேற்கு சிட்னி:

முதலாளி பொறுப்பேற்று வேலைக்கு எடுக்கும் இந்த ஸ்பான்சர் விசாவில் வந்தவர்கள் வேலை மாறலாமா, மாறினால் என்ன ஆகும் என்று பலர் கேட்கிறார்கள். நான் மாறியிருக்கிறேன், நடந்ததைச் சொல்கிறேன்.

கும்பகோணத்தில் ஓட்டல் சமையல்கட்டிலேயே வளர்ந்தவன் நான். இங்கே என்னைக் கூட்டி வந்த ஓட்டலில் காலையில் கிரைண்டரில் உளுந்தைப் போட்டால், நடு இரவுக்குத் தோசைக்கல்லைத் துடைத்துவிட்டுத்தான் அறைக்குப் போவேன். வேலை எனக்குப் பெரிதில்லை, ஊரிலும் அப்படித்தான். வலித்தது வேறு.

ஸ்பான்சர் செய்து எடுக்கும் ஆளுக்குத் தர வேண்டிய குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 53,900 டாலர் என்று 2013-லிருந்து அப்படியே கிடந்தது. 2023 ஜூலை 1 முதல் வரும் புது நாமினேஷன்களுக்கு, அதாவது இன்ன வேலைக்கு இந்த ஆளை எடுக்கிறேன் என்று முதலாளி அரசிடம் போடும் விண்ணப்பங்களுக்கு, அதை 70,000 ஆக்கினார்கள். என்னுடையது அதற்கப்புறம் போட்டது. வங்கிக் கணக்கில் முழுச் சம்பளமும் சரியாக ஏறும். ஆனால் வெள்ளிக்கிழமை இரவு கடை சாத்தியதும் கல்லாப் பக்கம் போய் 300 டாலர் ரொக்கமாகத் திருப்பித் தர வேண்டும். முதலாளி எண்ணிப் பார்த்துவிட்டு, சின்ன நோட்டில் என் பெயருக்கு நேரே ஒரு டிக் போடுவார். "அரசாங்கம் பாட்டுக்கு ஏற்றிவிட்டால் நான் எங்கே போவேன்? தோசை விலையை ஏற்ற முடியுமா?" என்பார். முடியாது என்று சொன்ன பையனிடம், "ஒரு ஈமெயில் தட்டினால் நீ ஃபிளைட் ஏறணும்" என்றதை என் காதால் கேட்டேன்.

அந்த மிரட்டல் வெறும் வாய்ப்பேச்சும் இல்லை. அப்போது வேலை நின்றால் 60 நாளில் அடுத்த ஸ்பான்சரைப் பிடிக்க வேண்டும். 2016 நவம்பர் வரை 90 நாள் இருந்தது, அதையும் குறைத்து வைத்திருந்தார்கள். ஊரில் வீட்டுக் கடனும் தங்கை கல்யாணக் கடனும் உள்ளவன் 60 நாளை நம்பி வாயைத் திறப்பானா?

2024 ஜூலை 1-இல் அது 180 நாளானது. மொத்த விசாக் காலத்துக்கும் சேர்த்து 365 நாள் வரை. அந்த இடைவெளியில் வேறு யாரிடமும் வேலை பார்க்கலாம், நாமினேஷனில் இல்லாத தொழிலாக இருந்தாலும் சரி. ஏற்கெனவே விசா வைத்திருந்த எங்களுக்கும் இது பொருந்தும். அதே நாளிலிருந்து, விசாவைக் காட்டி ஒருவரை மிரட்டி வேலை வாங்குவது கிரிமினல் குற்றம்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். அதற்கு முன்பே வெள்ளிதோறும் ஏடிஎம்மில் எடுத்த பணத்தின் கணக்கை வங்கி ஸ்டேட்மென்ட்டாக எடுத்துவிட்டேன். ஒவ்வொரு வெள்ளியும் அதே 300, கடை சாத்துவதற்குச் சற்று முன். அப்புறம் அரசின் மொழிபெயர்ப்புச் சேவை எண்ணான 13 14 50-க்குப் போன் செய்து தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றேன், அவர் மூலமாகவே சம்பளப் புகார்களைப் பார்க்கும் ஃபேர் வொர்க் அலுவலகத்தில் பேசினேன். மறுமுனையில் ஒரு பெண் நல்ல தமிழில் "சொல்லுங்கண்ணா" என்றதும் தொண்டை அடைத்துக்கொண்டது.

இடையில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன். இப்போது வேறு ஓட்டல். விசாவில் காலம் இருந்தது, தொழிலும் அதேதான். அதனால் புதிய விசா தேவைப்படவில்லை, புது முதலாளி நாமினேஷன் மட்டும் போட்டார். பழைய பணத்துக்கான புகார் நடந்துகொண்டிருக்கிறது.

பழைய டெஸ்டர், இப்போது சென்னை:

அண்ணா, படித்ததும் மனசு கனத்துவிட்டது. நான் மெல்பர்னில் ஐடியில் இருந்தேன். 2023-இல் ஆட்குறைப்பு. எங்கள் நிறுவனத்தில் யாரும் மிரட்டவில்லை, மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். ஆனால் 60 நாள் 60 நாள்தானே.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டு மாதம் நிறைய மாதிரி தெரியும். இன்டர்வியூ மூன்று சுற்று, ரெஃபரன்ஸ், பின்னணிச் சரிபார்ப்பு, அப்புறம் நாமினேஷன். இதிலேயே நாள் ஓடிவிடும். அதுவும் முதல் போனிலேயே "பி.ஆர். இருக்கா?" என்று நிரந்தரக் குடியிருப்பு உரிமையைக் கேட்பார்கள். இல்லை என்றதும் பேச்சு முடிந்துவிடும். ஒரு இடத்தில் ஆஃபர் தருவதாகச் சொன்னார்கள், அவர்களுடைய ஸ்பான்சர் அனுமதி காலாவதியாகி இருந்தது. புதுப்பித்து வருவதற்குள் என் கெடு முடிந்துவிட்டது.

பையன் அங்கே பள்ளியில் சேர்ந்த முதல் வருடம். சோபா, கட்டில், கார் எல்லாவற்றையும் வந்த விலைக்கு விற்றோம். சைக்கிளை விற்க மட்டும் அவன் விடவில்லை, பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டு வந்தான். 180 நாள் ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் நாங்கள் இன்னும் அங்கேதான் இருப்போம். இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். மாற்றம் நல்ல மாற்றம், அதில் சந்தேகமில்லை. இதைச் செய்ய ஏன் அவ்வளவு காலம் என்பதுதான் என் கேள்வி.

டீசல் மெக்கானிக், மேற்கு ஆஸ்திரேலியா:

என்னுடையது ஏஜென்ட் கதை. கோயம்புத்தூரில் வைத்தே "ஸ்பான்சர்ஷிப் சார்ஜ்" என்று லட்சக்கணக்கில் வாங்கினார்கள். இங்கே வந்தபின் பயிற்சி நிதிக்கான வரி என்று சம்பளத்தில் வேறு பிடித்தார்கள். அந்த வரி சின்ன நிறுவனத்துக்கு வருடத்துக்கு 1,200 டாலர், பெரிய நிறுவனத்துக்கு 1,800. கட்ட வேண்டியது முதலாளி. தொழிலாளி தலையில் கட்டவே கூடாது. ஸ்பான்சர்ஷிப்புக்குக் காசு வாங்குவது 2015 டிசம்பரிலிருந்தே சட்டவிரோதம். ஊரில் இன்னும் எத்தனை பேர் நகையை அடகு வைத்து இதைக் கட்டுகிறார்களோ! தம்பிகளா, விசா விண்ணப்பக் கட்டணம் வேறு, ஸ்பான்சர்ஷிப்புக்கான காசு வேறு. இரண்டையும் ஒரே ரசீதில் போட்டால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். தர மாட்டார்கள். அப்போதே எழுந்து வந்துவிடுங்கள்.

புது உறுப்பினர், அடிலெய்டு:

என் கணவருக்கும் இதே ரொக்கக் கதைதான். வெளியே வந்தால் பி.ஆருக்கு எண்ணிய காலம் வீணாகிவிடும் என்று பயப்படுகிறார். அதனால்தான் பொறுத்துக்கொண்டிருக்கிறோம்.

சரக்கு மாஸ்டர், மேற்கு சிட்னி:

வீணாகாது தங்கச்சி. பி.ஆருக்கு ஸ்பான்சரிடம் மூன்று வருடம் இருக்க வேண்டும் என்பது 2023 நவம்பர் 25-லிருந்து இரண்டு வருடமாகிவிட்டது. 2024 டிசம்பர் 7-இல் 482 புதுப் பெயரோடு வந்ததே, அதோடு இன்னொன்றும் மாறியது. அனுமதி பெற்ற ஸ்பான்சர்கள் வெவ்வேறு ஆளாக இருந்தாலும் அவர்களிடம் வேலை பார்த்த காலத்தைக் கூட்டிக்கொள்ளலாம். புது முதலாளியிடம் முதலில் கேட்க வேண்டியது அந்த அனுமதி இருக்கிறதா என்பதைத்தான்.

கடிதம் கொடுப்பதற்கு முன்னால் அவரை அரசின் இணையச் சேவையான மைகவ் கணக்கில் நுழைந்து, முதலாளி கட்ட வேண்டிய ஓய்வுக்கால நிதியான சூப்பர் பணம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், எனக்கு அதிலும் பாக்கி இருந்தது. பே ஸ்லிப் எல்லாவற்றையும் சொந்த ஈமெயிலுக்கு அனுப்பி வைக்கட்டும். வேலை நின்ற தேதியை எழுத்தில் வாங்குங்கள், ஏனென்றால் 180 நாள் அன்றிலிருந்து ஓடும். முதலாளி 28 நாளுக்குள் விசா கொடுக்கும் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அவருக்கு ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்றால் மேலே சொன்ன எண்ணில் தமிழ் என்று சொன்னால் போதும்.