ஃபைனல் ஃபேன்டசி 1 முடித்துவிட்டேன், ஒன்றுமே மனதில் நிற்கவில்லை. பழைய ஆர்பிஜியை எப்படி ஆட வேண்டும்?

ஊசித்தும்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 24 வயது. பெர்சோனா 5, டிராகன் குவெஸ்ட் 11 இரண்டையும் முழுதாக ஆடியிருக்கிறேன். இரண்டுமே உயிர். இந்த ஆர்பிஜி வகை, அதாவது ஒரு பாத்திரமாக மாறிச் சண்டை போட்டு வளரும் கேம் வகை, எங்கே தொடங்கியது என்று பார்க்கும் ஆசையில், நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் ஃபைனல் ஃபேன்டசி பிக்சல் ரீமாஸ்டர் (பழைய பாகங்களைப் புதுப்பித்த பதிப்பு) தொகுப்பை வாங்கி முதல் பாகத்தைப் போட்டேன்.

முதல் ஒரு மணி நேரம் பிடித்திருந்தது. கார்னேலியா ஊருக்கு வெளியே நாலு காப்ளின்கள் சேர்ந்து என் வெள்ளை மந்திரவாதியை அடித்துப் போட்டன. எரிச்சலில் செட்டிங்ஸைத் திறந்தேன். அனுபவப் புள்ளி 4 மடங்கு, காசு 4 மடங்கு என்று வைத்துக்கொள்ள வசதி இருந்தது. ஸ்டிக்கை ஒரு அழுத்து அழுத்தினால் வழியில் எதிரியே வராது. மூன்றையும் போட்டேன். சண்டை வந்தால் ஆட்டோ, அதுவே தானாக அடித்துக்கொள்ளும். சனி, ஞாயிறு இரண்டே நாளில் கேம் முடிந்துவிட்டது.

கடைசியில் பெயர்கள் ஓடும்போது எனக்குள் எதுவும் இல்லை. பெரிய எதிரிகளான லிச் எந்தக் குகையில் இருந்தான், கிராக்கனை எங்கே அடித்தேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டாம் பாகத்தைத் திறக்கக் கை வரவில்லை.

கேமுக்கு வயதாகிவிட்டதா, நான் ஆடிய விதம் சரியில்லையா? மறுபடி தொடங்கினால் எவ்வளவு கஷ்டத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும்? சும்மா வதைபடவும் எனக்கு மனமில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேங்கைமரம் எழுதியது:

பழையது என்பதற்காக எல்லாவற்றையும் கும்பிட வேண்டாம் என்பது என் கருத்து. 1987இல் வந்த அசல் ஃபைனல் ஃபேன்டசியில் பாதி கஷ்டம் கோளாறுகளால் வந்தது. மந்திரவாதியின் அறிவு எண் ஏறிக்கொண்டே போகும், ஆனால் மந்திரத்தின் வலுவுக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. அந்தக் கணக்கை எழுத மறந்துவிட்டார்கள். ஆயுதத்தின் வலுவைக் கூட்டும் சேபர் மந்திரத்தைப் போட்டால் எதுவும் கூடாது. மூன்று பேரை ஒரே எதிரி மேல் ஏவிவிட்டு, முதல் அடியிலேயே அவன் செத்துவிட்டால், மற்ற இருவரும் வெறும் காற்றை வெட்டிவிட்டு நிற்பார்கள்.

இதையெல்லாம் பின்னால் வந்த பதிப்புகளில் சரி செய்தார்கள். அதில் வருத்தப்பட எதுவும் இல்லை. நீங்கள் பிக்சல் ரீமாஸ்டரிலேயே இருங்கள், அசலைத் தேடிப் போக வேண்டாம். 4 மடங்கை மட்டும் எடுத்துவிடுங்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. எனக்குப் பல வருடமாகப் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

பழைய ஆர்பிஜியின் கஷ்டம் சண்டைக்குள் இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சண்டையில் என்ன இருக்கிறது? அடி, மந்திரம், மருந்து, ஓட்டம் என்று நாலே வரி. கை வேகம் தேவையில்லை. சத்திரத்தை விட்டு எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், கையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்கிற கணக்குதான் கேமே. நீங்கள் வழியில் எதிரியே வராமல் செய்ததும் அந்தத் தூரம் இல்லாமல் போய்விட்டது. குகையும் கடைத்தெருவும் ஒன்றாகிவிட்டன. பிறகு எப்படி மனதில் நிற்கும்?

சதுப்புக் குகையை எடுத்துக்கொள்ளுங்கள். மகுடத்தை எடுத்துவரப் போனீர்களே, எல்ஃப் ஊருக்குப் பக்கத்தில், அதுதான். அசல் பதிப்பில் அதற்குக் கிளம்புவதே ஒரு நாள் வேலை. ஒரு மருந்து 60 காசு. 99 வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கடைக்காரர் ஒவ்வொன்றாகத்தான் தருவார். மருந்தைத் தொடு, ஆமாம் சொல், மறுபடி மருந்தைத் தொடு, மறுபடி ஆமாம். கட்டைவிரல் மரத்துப்போகும். அது மோசமான வடிவமைப்புதான், வேங்கைமரம் சொல்வதோடு ஒத்துப்போகிறேன். ஆனாலும் நாற்பதாவது மருந்தை வாங்கும்போது, போகிற இடம் சாதாரண இடம் இல்லை என்பது உடம்புக்கே தெரிந்துவிடும்.

குகைக்குள் நடுவில் சேவ், அதாவது ஆட்டத்தைப் பதிந்து வைப்பது, கிடையாது. செத்தவனை எழுப்பும் மருந்து அந்தப் பதிப்பில் இல்லை. ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்த்தான் எழுப்ப வேண்டும். மந்திரம் எண்ணிக்கைக் கணக்கு, முதல் படி மந்திரம் இத்தனை தடவை, இரண்டாம் படி இத்தனை தடவை என்று. வாசலிலேயே ஒரு நெருப்பைச் செலவழித்தால், கீழே மகுடத்தைக் காத்து நிற்பவர்களுக்கு ஒன்று குறைவு. விஷம் ஏறினால் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு புள்ளி உயிர் போகும். வெளியே தூக்கிப் போடும் மந்திரம் அந்தக் கட்டத்தில் நமக்குக் கிடைத்திருக்காது. வந்த வழியே நடந்துதான் திரும்ப வேண்டும். மகுடத்தை எடுத்த சந்தோஷத்தில் இருந்த மருந்தையெல்லாம் குடித்துத் தீர்த்துவிட்டு, மேல் தளத்தில் செத்தேன். இரண்டு தடவை. மூன்றாம் தடவை வெளிச்சத்துக்கு வந்து கூடாரம் போட்டுச் சேவ் செய்தபோது எழுந்து நின்றுவிட்டேன். பன்னிரண்டு வருடம் ஆகிறது, அந்தக் குகையின் தரை என்ன நிறம் என்று இப்போதும் சொல்வேன்.

இன்னொன்று. நான் வேலைக்காக யோகோஹாமாவில் இருக்கிறேன். வந்த புதிதில் ஒரு பழைய பொருள் கடையில் நின்டெண்டோவின் பழைய கேம் கருவியான ஃபேமிகாமும் டிராகன் குவெஸ்ட் 2 கேசட்டும் கிடைத்தன. இங்கேயும் அதைக் கேசட் என்றுதான் சொல்கிறார்கள், சின்ன வயதில் நாம் சொன்ன அதே பெயர். 1987 ஜனவரியில் வந்த கேம். அதில் பேட்டரி இல்லை, அதனால் சேவ் கிடையாது. ஊரில் போய்க் கேட்டால் ஹிராகனா என்கிற ஜப்பானிய எழுத்தில் ஒரு நீள மந்திரம் சொல்வார்கள். அடுத்த முறை அதை அப்படியே உள்ளே அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். பொருள் சேரச் சேர மந்திரமும் நீளும், 52 எழுத்து வரைக்கும்.

அப்போது எனக்கு ஹிராகனா படிக்க வரும், எழுத வேகம் வராது. ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்தில் அந்த 52 எழுத்தையும் ஒலியை வைத்துத் தமிழில் எழுதிக்கொண்டேன். காலையில் நோட்டைத் திறந்து அடிக்க உட்கார்ந்தால், முதல் வரியிலேயே 'ப' இருந்தது. ஜப்பானியத்தில் அந்த எழுத்துக்கு மேலே இரண்டு சின்னக் கோடு போட்டால் ஓர் ஒலி, சின்ன வட்டம் போட்டால் வேறு ஒலி. நமக்கோ இரண்டுக்கும் ஒரே 'ப' தான். 'க'வும் அப்படியே, கோடு உண்டா இல்லையா என்று என் நோட்டில் இல்லை. எண்ணிப் பார்த்தால் பதினொரு இடத்தில் சந்தேகம். ஒரு ஞாயிறு முழுக்க மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தேன். திறக்கவில்லை. ஆறு நாள் ஆட்டம் போனது. அதற்கு முந்தைய மந்திரம் ஒன்று ஹிராகனாவிலேயே எழுதி வைத்திருந்தேன். அங்கிருந்து மறுபடி நடந்தேன்.

இப்படிப்பட்ட கஷ்டம் வேண்டுமா என்றால் வேண்டாம். 1988இல் வந்த மூன்றாம் பாகத்திலேயே பேட்டரி வைத்துச் சேவ் கொண்டுவந்துவிட்டார்கள், அது நல்ல காரியம். ஆனால் அதே இரண்டாம் பாகத்தில் கடைசியில் ரோன் குகை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத குழிகள், எத்தனை தூரம் நடந்தாலும் முடியாமல் சுற்றி வரும் பாதைகள். தாண்டி மேலே வந்தால் பனி நிலம். அங்கே பிளிசார்ட் என்கிற எதிரி ஒரே மந்திரத்தில் நம் ஆட்களைச் சாகடிப்பான். அந்தப் பனியில் கொஞ்ச தூரத்தில் ஒரு சிறிய கோயில் தெரியும். அதற்குள் நுழைந்து உயிர் நிரம்பிய அந்த நிமிடத்துக்கு ஈடாக, நான் ஆடிய எந்தப் புது கேமிலும் ஒன்று வரவில்லை.

இவ்வளவு சொன்னாலும் டிராகன் குவெஸ்ட் இரக்கமுள்ள கேம் என்பதையும் சொல்ல வேண்டும். செத்தால் கையில் இருக்கும் காசில் பாதி போகும், அவ்வளவுதான். சேர்த்த அனுபவம் அப்படியே இருக்கும். தோற்றவனும் நேற்றைவிட இன்று கொஞ்சம் பலசாலி. கை வேகம் இல்லாதவர்களும் கடைசி வரை போக வேண்டும் என்று அதை உருவாக்கிய யூஜி ஹோரீ நினைத்ததால்தான் அப்படி வைத்தார் என்று நம்புகிறேன். ஃபைனல் ஃபேன்டசியில் அந்த இரக்கம் கிடையாது, செத்தால் கடைசி சேவ்தான்.

சரி, உங்களுக்கு என் யோசனை: அனுபவம் 1 மடங்கு. காசு வேண்டுமானால் 2 மடங்கு, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வரைபடத்தைத் தாராளமாகப் பாருங்கள். குகைக்குள் எதிரியை நிறுத்தாதீர்கள். வீட்டில் கூப்பிட்டால் குவிக் சேவ் (நின்ற இடத்திலேயே ஆட்டத்தைப் பதியும் வசதி) போட்டு வையுங்கள், ஆனால் செத்த பிறகு அதைத் திறக்காதீர்கள். சதுப்புக் குகை வரை மட்டும் இப்படி ஆடிவிட்டு வந்து சொல்லுங்கள்.

அல்லிக்குளம் எழுதியது:

ஏட்டுச்சுவடி அண்ணா, ரசித்துப் படித்தேன். ஆனால் ஞாயிறு முழுக்க உட்கார எல்லோருக்கும் வாய்க்காது. எனக்கு வேலை முடிந்து, சமையல் முடிந்து, மகன் படுக்கும் முன் கிடைப்பது நாற்பது நிமிடம். அதில் ஒரு குகைக்குள் போய்ச் செத்தால் அன்றைக்கு எதுவுமே நடக்காத மாதிரி ஆகிவிடும். மறுநாள் கன்ட்ரோலரை எடுக்கத் தோன்றாது.

2024இல் வந்த டிராகன் குவெஸ்ட் 3 எச்டி-2டியை, அதாவது மூன்றாம் பாகத்தின் புதிய பதிப்பை, மகனோடு ஆடினேன். அவனுக்கு ஒன்பது வயது. அதில் டிராக்கி குவெஸ்ட் என்று ஒரு சுலப நிலை உண்டு. எத்தனை அடி வாங்கினாலும் உயிர் 1-க்குக் கீழே போகாது. அதில்தான் தொடங்கினோம். முதல் வாரம் குதித்துக்கொண்டு ஆடினான். இரண்டாம் வாரம் ஒரு குகையில் எல்லோருக்கும் உயிர் 1, 1, 1, 1 என்று நின்றது. அப்போது அவனே திரும்பி, "அம்மா, இவங்க சாகவே மாட்டாங்கன்னா நாம எதுக்கு மூலிகை வாங்கினோம்?" என்று கேட்டான். அன்றைக்கே நடு நிலைக்கு மாற்றினோம். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று விட்டிருக்கிறார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

சுலப நிலை இல்லாவிட்டால் அவன் உள்ளேயே வந்திருக்க மாட்டான். ஊசித்தும்பி, நீங்கள் 4 மடங்கு போட்டது தப்பு என்று நினைக்க வேண்டாம்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அல்லி, உங்கள் மகன் இரண்டே வாரத்தில் கண்டுபிடித்ததைச் சொல்ல நான் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். மூலிகை வாங்குவதற்கு ஒரு காரணம் வேண்டும், அதேதான். நாற்பது நிமிடப் பிரச்சினையும் உண்மை. அதற்குத்தான் குவிக் சேவ். நிறுத்தி வைக்க அது இருக்கட்டும். செத்ததை இல்லையென்று ஆக்க மட்டும் அதைத் தொடாமல் இருந்தால் போதும்.

அவனுக்கு மதர் 2 என்கிற ஆர்பிஜியைக் காட்டிப் பாருங்கள், அமெரிக்காவில் எர்த்பவுண்ட் என்ற பெயரில் வந்தது. 1994இலேயே எதிரிகள் திரையில் கண்ணுக்குத் தெரிவார்கள். நாம் பலசாலி ஆகிவிட்டால் சின்ன எதிரிகள் நம்மைப் பார்த்து ஓடுவார்கள். ஓடுகிறவனைத் தொட்டால் சண்டையே இல்லாமல் வெற்றி. நேரத்தையும் மதித்திருக்கிறார்கள், தூரத்தையும் விடவில்லை.

ஊசித்தும்பி எழுதியது:

இரண்டரை வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

புதிதாகத் தொடங்கினேன். போர்வீரன், திருடன், வெள்ளை மந்திரவாதி, கறுப்பு மந்திரவாதி. எல்லாம் 1 மடங்கு. காசையும் ஏற்றவில்லை. அண்ணா சொன்ன விதிகள் அப்படியே.

சதுப்புக் குகைக்கு 30 மருந்தோடு போனேன். தரைக்குக் கீழே ஒரே மாதிரி அறைகள். திறந்த பெட்டியெல்லாம் சில்லறைக் காசு. மகுடம் இருக்கும் பெட்டியைத் தொட்டதும் பிஸ்கோடீமன்கள் வந்தன. கறுப்பு மந்திரவாதி ஒரே சுற்றில் போய்விட்டான், பின்னாலேயே மற்ற மூவரும். குவிக் சேவ் முந்தைய தளத்தில் இருந்தது. ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திறக்கவில்லை.

அதற்கப்புறம் நாலு நாள் எல்ஃப் ஊரைச் சுற்றியே சண்டை போட்டேன். சலிக்கும் என்று நினைத்தேன். ஒவ்வொரு சண்டைக்குப் பின்னும் வாள் விலைக்கு இன்னும் எவ்வளவு என்று கணக்குப் பார்த்ததில் நேரமே தெரியவில்லை. இரண்டாம் தடவை 60 மருந்து. வாசலில் ஒரு மந்திரம்கூடப் போடவில்லை, தள்ளியே நடந்தேன். மகுடத்தை எடுத்ததும் 19 மருந்து இருந்தது. திரும்பும் வழியில் திருடன் செத்தான், அவனைத் தூக்கிக்கொண்டே நடந்தேன். வெளியே வந்தபோது கையில் 2 மருந்து.

வேங்கைமரம், மருந்தைப் பத்துப் பத்தாக வாங்க முடிந்தது, அதற்காக அந்தப் பதிப்பை உருவாக்கியவர்களை வாழ்த்துகிறேன்.

அண்ணா, தரை பச்சையும் சாம்பலும் கலந்த மாதிரி எனக்குத் தெரிந்தது. உங்கள் பதிப்பில் என்ன நிறம்?